ஒரு பெட்டியை நட்டநடுவில் வைத்த வரலாறு

ஒரு வலைப் பக்கம். அதில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி மேலே கீழே, இடம் வலம், எல்லாப் பக்கமும் சம இடைவெளி விட்டு நட்டநடுவில் உட்கார வேண்டும். கேட்பதற்கு ஐந்து நிமிட வேலை. வலை பிறந்த 1990-இலிருந்து கணக்குப் போட்டால், திருட்டு வழி எதிலும் போகாமல் இதைச் செய்து முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் இரண்டு கம்பெனிகள் அடித்துக்கொண்டன, ஒரு பிரவுசருக்கு ஊர் கூடி இறுதிச் சடங்கு நடத்தினார்கள், இன்னொரு பிரவுசர் வேண்டுமென்றே உளறியது, யூடியூப் அலுவலகத்துக்குள் ஒரு சதிக்கும்பல் உருவானது. எதுவும் என் கற்பனை இல்லை. அந்த அளவுக்குக் கற்பனை இருந்திருந்தால் நான் ஏன் எச்டிஎம்எல் எழுதிப் பிழைத்தேன்?

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வலையைக் கட்டியபோது, அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் இயற்பியல்காரர்கள். துகளோடு துகளை மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத் தலைப்பு எந்த நிறத்தில் இருந்தால் என்ன? இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று எச்டிஎம்எல் மொழியின் டேக்குகளால் சொன்னால் போதும். எப்படிக் காட்டுவது என்பது பிரவுசரின் இஷ்டம். வேடிக்கை என்னவென்றால், நெக்ஸ்ட் கணினியில் அவர் எழுதிய முதல் பிரவுசருக்குள்ளேயே ஸ்டைல் ஷீட், அதாவது அலங்கார விதிகளின் தொகுப்பு, இருந்தது. அதை எழுதும் முறையை மட்டும் ஊருக்குச் சொல்லவில்லை. அலங்காரம் அந்தந்த பிரவுசரின் சொந்த விவகாரம் என்று விட்டுவிட்டார். ஒரு நல்ல மனிதர் வாயைத் திறக்காததால் இத்தனை பேரின் ராத்தூக்கம் கெட்டதாக வேறு எந்த வரலாற்றிலும் நான் படித்ததில்லை.

1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் பிரவுசர் வந்தது. எழுத்துக்கு நடுவே படம் தெரிந்தது. படம் தெரிந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் 'இந்த எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கு, அந்தப் படத்தைக் கொஞ்சம் தள்ளு' என்பதும் வரும். மொசைக்கை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் இதைப் பற்றி 1994 பிப்ரவரியில் மனம் திறந்தார். வேர்டில் சர்வசாதாரணமாகச் செய்யும் அலங்காரத்தை வலையிலும் செய்ய முடியுமா என்று படை படையாக வந்து கேட்கிறார்களாம். முடியாது, தொலைந்தீர்கள் என்று அவர்களிடம் சொல்வதுதான் கடந்த ஓராண்டாக அவருக்குக் குறையாத ஆனந்தமாம். அதே ஆண்டு அவர் நெட்ஸ்கேப் கம்பெனியைத் தொடங்கினார். கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுத்தால்தான் கல்லா நிரம்பும் என்று தெரிந்ததும் ஆனந்தம் திசை மாறிவிட்டது. இடவலமாக நடுவில் வைக்க 'சென்டர்' டேக் வந்தது. எழுத்தை ஊதிப் பெருக்க 'ஃபாண்ட்' டேக் வந்தது. அப்புறம் 'பிளிங்க்' வந்தது.

பிளிங்க் பிறந்த கதை மதுக்கடையில் தொடங்குகிறது. நெட்ஸ்கேப்பின் லூ மான்டுல்லி, அதற்கு முன்பு லின்க்ஸ் என்ற வெறும் எழுத்து மட்டுமே காட்டும் பிரவுசரை எழுதியவர்களில் ஒருவர். ஒரு மாலை நேரத்தில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் சேர்க்கிற வித்தை எதுவும் பாவம் லின்க்ஸில் வேலை செய்யாது, எழுத்தைக் கண்சிமிட்ட வைத்தால் வேண்டுமானால் வேலை செய்யும் என்று சிரித்தார். மறுநாள் காலை அலுவலகம் வந்தால், சக பொறியாளர் ஒருவர் ராத்திரி முழுக்க விழித்து அதை எழுதியே வைத்திருக்கிறார். பல ஆண்டுகளுக்கு உலகத்தின் பாதி வலைப் பக்கங்கள் பழுதான டியூப்லைட் மாதிரி அடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். ஃபயர்பாக்ஸ் அதைத் தூக்கி எறிந்தது 2013-இல். மதுக்கடைப் பேச்சு விடிந்ததும் மறந்துபோகும் என்று யார் சொன்னது?

1995-இல் நெட்ஸ்கேப் 1.1-இல் டேபிள் வந்தது. எண்களை வரிசையும் நெடுவரிசையுமாக அடுக்கிக் காட்டத்தான் டேபிள். விலைப்பட்டியல், ரயில் நேரம், சோதனைக்கூட அளவுகள், இப்படி. வந்த ஓராண்டுக்குள் எண்களைக் காட்ட அதைப் பயன்படுத்தியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கோட்டின் தடிமனைப் பூஜ்யமாக்கிவிட்டால் டேபிள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் அறைகள் அங்கேயே இருக்கும். இடது அறையில் மெனு, நடு அறையில் விஷயம், வலது அறையில் விளம்பரம். பத்திரிகைப் பக்கம் தயார்! ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது.

இந்தக் கலைக்கு ஆகமம் எழுதியவர் டேவிட் சீகல். 1996-இல் வந்த அவருடைய 'கிரியேட்டிங் கில்லர் வெப் சைட்ஸ்' புத்தகம் மேசைக்கு மேசை கிடந்தது. அதில் இருந்த மகாமந்திரம், ஒரு பிக்ஸல் அகலம், ஒரு பிக்ஸல் உயரம் உள்ள ஒளி ஊடுருவும் ஜிஃப் படம். ஐம்பது பைட்கூடத் தேறாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அதன் அகலம் 20 என்று எழுதினால் இருபது பிக்ஸல் காலி இடம் கிடைக்கும். உயரம் 400 என்று எழுதினால் ஒரு நெடுவரிசையே இடிந்து விழாமல் நிற்கும். அக்காலத்துப் பக்கங்களின் மூலத்தைத் திறந்து பார்த்தால் வரிக்கு வரி இந்தக் காணாத படம்தான். டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள், அதன் அறைக்குள் ஒரு சூனியப் படம். மூடும் டேக் ஒன்றை எழுத மறந்தீர்களோ, நெட்ஸ்கேப் 4 முழுப் பக்கத்தையும் வெள்ளையாகக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். என்ன தவறு, எந்த வரி என்று ஒரு முனகல்கூட இருக்காது.

சீகலுக்கு மனசாட்சி இருந்தது. 1997-இலேயே, வலை பாழாகிவிட்டது, பாழாக்கியவன் நான்தான் என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதற்குள் புத்தகம் விற்றுவிட்டது. மன்னிப்பைப் படித்தவர்களைவிட மந்திரத்தைப் படித்தவர்கள் அதிகம்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். டேபிள் அறைக்குள் ஒரு பெட்டியைப் போட்டு 'வி-அலைன் மிடில்' என்று எழுதினால் அது மேலும் கீழும் சரியாக நடுவில் நிற்கும். ஆமாம், 1995-இலேயே. இந்தத் திருட்டு வழியை அடைத்துவிட்டு நேர்வழி போடக் கிளம்பியவர்கள், அந்த நேர்வழியில் இதை மறுபடி கொண்டுவர எவ்வளவு காலம் எடுத்தார்கள் என்பதுதான் மீதிக் கதை.

நம்மவர்களுக்கு இந்த ஃபாண்ட் டேக்கோடு தனிப் பற்று உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் வலையில் தமிழ் என்பதே எழுத்துருவின் தயவு. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளின் உருவத்தை ஒளித்துவைத்து, ஃபாண்ட் டேக்கில் அந்த எழுத்துருவின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். படிக்கிறவர் கணினியில் அந்த எழுத்துரு இருந்தால் சிறுகதை. இல்லாவிட்டால் தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் ஊர்வலம். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு போட்டு டாம், டாப் என்று குறியேற்றங்களை அறிவித்தார்கள். டிஸ்கி என்ற வேறொரு குறியேற்றத்தின் கோஷ்டி தனியாக இருந்தது. பிறகு ஸ்டைல் ஷீட் வழியாக எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து இறக்கும் வசதியைப் பிடித்துக்கொண்டு பல இதழ்கள் கரையேறின. அழகு செய்யப் பிறந்த டேக், தமிழ் எழுத்தறிவையே தூக்கிச் சுமந்தது. அதை நான் பழிக்க மாட்டேன்.

இனி நேர்வழிக்காரர்கள். 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, செர்னிலேயே வேலை பார்த்த ஹோகன் வியும் லீ என்ற நார்வேக்காரர் ஒரு முன்மொழிவை வெளியிட்டார். எச்டிஎம்எல் விஷயத்தைச் சொல்லட்டும், அலங்காரம் தனித் தாளில் இருக்கட்டும் என்பது சாரம். மூன்று நாள் கழித்து நெட்ஸ்கேப் தன் பிரவுசரை ஊருக்கு அவிழ்த்துவிட்டது. நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் ஒரே வாரத்தில் முகூர்த்தம்.

லீயின் முன்மொழிவில் இருந்த ஒரு சங்கதியை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்தை எழுதியவருக்கு ஓர் ஆசை இருக்கும், படிக்கிறவருக்கு வேறோர் ஆசை இருக்கும். இருவரும் சதவீதம் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம் என்றார். தலைப்பின் அளவு 24 புள்ளி, அதில் என் உரிமை 100 சதவீதம். அடுத்த தலைப்பு 20 புள்ளி, என் உரிமை 40 சதவீதம். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணச் செலவில் மண்டபம் பெண் வீட்டார் முழுசாக, மேளத்தில் நாற்பது சதவீதம் மட்டும் என்று சம்பந்திகள் பேசி முடிப்பதைப் போன்ற ஏற்பாடு. முகப்பின் நிறத்தில் அறுபது சதவீதச் சிவப்பும் நாற்பது சதவீதப் பச்சையும் கேட்டால் பிரவுசர் என்ன செய்யும்? இந்தச் சதவீதம் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் எழுதுகிறவர், படிக்கிறவர், பிரவுசர் மூவரின் விருப்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரு தீர்ப்பு பிறக்கும் என்ற அடிப்படை நின்றது. கேஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ், சுருக்கமாக சிஎஸ்எஸ், என்ற பெயரின் முதல் எழுத்து அதற்குத்தான்.

நெதர்லாந்தில் பெர்ட் போஸ் என்பவர் ஆர்கோ என்ற பிரவுசருக்காகத் தானும் ஒரு ஸ்டைல் ஷீட் மொழியைத் தட்டிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்துகொண்டார்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி குழு கூடியது, விவாதித்தது, 1996 டிசம்பர் 17-இல் சிஎஸ்எஸ் முதல் நிலையைப் பரிந்துரையாக வெளியிட்டது. நிறம் இருந்தது, எழுத்துரு இருந்தது, ஓரம் இருந்தது. ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரிக்க வழி இருந்ததா? இல்லை. சாயம் பூச ஆள் வந்துவிட்டார். சுவர் கட்ட ஆள் வரவில்லை.

மைக்ரோசாஃப்ட்டுக்கு அவசரம். தரம் எழுதி முடிப்பதற்கு நான்கு மாதம் முன்பே, ஆகஸ்ட் 1996-இல், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3-இல் சிஎஸ்எஸ்ஸைப் போட்டுவிட்டார்கள். எழுதி முடியாத தேர்வுத்தாளுக்கு விடை எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நெட்ஸ்கேப்புக்கு ரோஷம். நாங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஸ்டைல் ஷீட் என்று வேறொன்று செய்கிறோம் என்று கிளம்பினார்கள். அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கடைசி நேரத்தில் நெட்ஸ்கேப் 4-க்குள், சிஎஸ்எஸ்ஸை வாங்கி உள்ளுக்குள் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிச் சமாளித்தார்கள். விளைவு, பாதுகாப்புக்காக யாராவது ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் சிஎஸ்எஸ்ஸும் சேர்ந்து அணைந்தது. போதாக்குறைக்கு, சன்னலின் அகலத்தைச் சுட்டியால் இழுத்து மாற்றினால் பக்கத்தின் அமைப்பு முழுக்கக் கலைந்துபோகும். இதற்காகவே ட்ரீம்வீவர் மென்பொருள், சன்னல் அளவு மாறினால் பக்கத்தை மறுபடி ஏற்று என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டைத் தயாராக வைத்திருந்தது.

இப்போது பெட்டிச் சண்டைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். எத்தனையோ பேரின் தலைமுடி இதில்தான் போனது. ஒரு பெட்டியின் அகலம் 300 பிக்ஸல் என்று எழுதுகிறீர்கள். உள்ளே இரு பக்கமும் 20 பிக்ஸல் இடைவெளி, சுற்றிலும் 5 பிக்ஸல் கோடு. பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கும்? புத்தி உள்ளவன் 300 என்பான். 300 என்று நான்தானே சொன்னேன்? டபிள்யூ3சி சொன்னது 350. அகலம் என்றால் உள்ளே இருக்கும் சரக்கின் அகலம். இடைவெளியும் கோடும் தனிக் கணக்கு. விண்டோஸுக்கான எக்ஸ்ப்ளோரர் 5 சொன்னது 300. ஒரே தாள், ஒரே வரி, இரண்டு பிரவுசரில் 50 பிக்ஸல் வித்தியாசம். 50 பிக்ஸல் இடறினால் மூன்றாவது பத்தி இடம் பற்றாமல் தொபுக்கென்று கீழே விழும். முதலாளி பார்க்கும் கணினியில்தான் அது விழும் என்பதையும் சொல்ல வேண்டுமா?

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் டன்டெக் செலிக். அவர் யார்? மைக்ரோசாஃப்ட்டில் மெக்கின்டாஷுக்கான எக்ஸ்ப்ளோரர் 5-இன் உள்ளெஞ்சினை எழுதியவர். 2000-இல் வந்த அந்தப் பிரவுசர் சிஎஸ்எஸ் முதல் நிலையை ஏறக்குறைய முழுசாக, சரியாகச் செய்தது. விண்டோஸ் பதிப்போ அதே கம்பெனியின் அடுத்த அறையில் தப்பாகவே செய்துகொண்டிருந்தது. அடுத்த அறைக்காரர்களின் பிரவுசரை ஏமாற்ற செலிக் ஒரு வித்தை வெளியிட்டார். சிஎஸ்எஸ் இரண்டாம் நிலையில் 'வாய்ஸ்-ஃபேமிலி' என்று ஒரு பண்பு உண்டு. பக்கத்தை உரக்கப் படிக்கும் கருவி ஆண் குரலில் படிக்கட்டுமா, பெண் குரலில் படிக்கட்டுமா என்று சொல்வதற்கானது. அதற்கு மதிப்பாக, மேற்கோள்குறிக்குள் ஒரு மூடும் அடைப்புக்குறியைக் கொடுப்பார். விண்டோஸுக்கான எக்ஸ்ப்ளோரர் 5 அதைப் பார்த்ததும் விதி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கடையைக் கட்டிவிடும். மற்ற பிரவுசர்கள் தொடர்ந்து படித்து, அடுத்த வரியில் இருக்கும் சரியான அகலத்தை எடுத்துக்கொள்ளும். அந்தப் பண்பு குரல் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெட்டிகளின் அகலத்தை மட்டும் சரிசெய்தது.

இந்தச் சண்டையில் கடைசியில் ஜெயித்தது யார் தெரியுமா? தப்புச் செய்தவன். 2012 வாக்கில் ஆளாளுக்குத் தங்கள் தாளின் முதல் வரியிலேயே 'பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்' என்று எழுதத் தொடங்கினார்கள். அதாவது, அகலம் 300 என்றால் எல்லாம் சேர்த்து 300. பழைய மைக்ரோசாஃப்ட் கணக்கு. பத்தாண்டு ஏசி, சபித்து, ஹேக் எழுதி விரட்டிய வழக்கத்தை வாசல்வழியே கூப்பிட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்தோம். மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒருவரும் மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. வேறு கணக்குகள் பாக்கி இருந்தன.

1998-இல் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் என்று ஓர் இயக்கம் தொடங்கியது. ஜெஃப்ரி செல்ட்மன் அதன் பிரசங்கி. டேபிள் போட்டுப் பக்கம் கட்டுகிறவன் பாவி என்று ஆனது. 2003-இல் டேவ் ஷே 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்று ஒரு தோட்டம் போட்டார்: எச்டிஎம்எல் ஒன்றேதான், தாளை மாற்றினால் பக்கம் ஆளே அடையாளம் தெரியாமல் மாறும். பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். டேபிளை விட்டார்கள். விட்ட பிறகுதான், அந்த இடத்தில் வைக்க வேறு சாமான் இல்லை என்று தெரிந்தது. கையில் கிடைத்தது 'ஃப்ளோட்'.

ஃப்ளோட் ஒரு படத்தை ஓரமாக ஒதுக்கி, எழுத்து அதைச் சுற்றி ஓடுவதற்கானது. வார இதழ்த் தொடர்கதையில் ஓவியத்தைச் சுற்றி வரிகள் வளைந்து போகுமே, அதற்கு. எண்ணுக்கு வந்த டேபிளை விரட்டிவிட்டு, படத்துக்கு வந்த ஃப்ளோட்டைப் பிடித்து வந்து தூணாக நட்டார்கள். நீதிமான்களின் புரட்சி இவ்வளவுதான். இதைச் சொன்னால் அந்தக் காலத்து நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் டேபிள்காரர்களின் பக்கம் இடியாமல் நின்றதே, ஐயா.

ஃப்ளோட் ஆன பெட்டியை அதன் தாய்ப் பெட்டி கணக்கிலேயே சேர்க்காது. உள்ளே மூன்று பத்தி இருக்கும், தாய்ப் பெட்டியின் உயரம் பூஜ்யம். பின்னணி நிறம் மறைந்துவிடும். இதற்குத்தான் 'கிளியர்ஃபிக்ஸ்'. பெட்டியின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்ப்பது, அதன் உயரத்தைப் பூஜ்யமாக்குவது, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிப்பது, அதற்கு இருபுறமும் ஃப்ளோட் கூடாது என்று உத்தரவு போடுவது. அந்தக் காலத்து எந்த வலைப் பக்கத்தைத் தட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத முற்றுப்புள்ளிகள் கொட்டும். மூன்று பத்தியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமா? முடியாது. எனவே 2004-இல் டேன் சீடர்ஹோம், பின்னணியில் பட்டைகள் வரைந்த படத்தைக் கீழே வரை ஒட்டி, உயரம் சமமாக இருப்பதாகப் பார்க்கிறவரை நம்பவைக்கும் வழியைச் சொல்லித் தந்தார். மூன்று பத்தி அமைப்புக்கே அந்தத் தொழிலில் 'புனிதக் கிண்ணம்' என்று பெயர். ஏசு குடித்த கிண்ணத்தைத் தேடி வீரர்கள் குதிரையேறிப் போன கதையை, நாளிதழ்கள் தினம் காலையில் செய்யும் ஒரு காரியத்துக்குச் சூட்டினோம்.

இதற்கு நடுவே ஒரு நல்ல கூத்து. சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்த லீ 1999-இல் நார்வேயின் ஓபரா பிரவுசர் கம்பெனிக்குத் தொழில்நுட்பத் தலைவராகப் போயிருந்தார். 2003 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் தளம் ஓபரா 7-இல் மட்டும் கோணலாகத் தெரிந்தது; பத்திகள் இடதுபுறம் நழுவிக் காணாமல் போயின. துப்பறிந்தால், ஓபராவுக்கென்று தனி ஸ்டைல் ஷீட் அனுப்புகிறார்கள். அதில் 30 பிக்ஸல் இடதுபக்கம் இழு என்று ஒரு வரி. தற்செயலா? ஓபராக்காரர்கள் தங்கள் பிரவுசரின் பெயரை 'ஓப்ரா' என்று டிவி தொகுப்பாளரின் பெயராக மாற்றிப் போய்க் கதவைத் தட்டினார்கள். நல்ல தாள் வந்தது, பக்கம் நேராக நின்றது! வழக்கறிஞரைத்தான் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவர்கள் பிப்ரவரி 14 அன்று 'போர்க்' பதிப்பு என்று ஒரு பிரவுசரை வெளியிட்டார்கள். அதில் எல்லாத் தளமும் ஒழுங்காக வரும். எம்எஸ்என் தளத்துக்குப் போனால் மட்டும், மப்பெட் பொம்மலாட்டத்தில் வரும் ஸ்வீடன் சமையல்காரனின் பாஷையில் முழுப் பக்கமும் 'போர்க் போர்க்' என்று உளறும். சிஎஸ்எஸ்ஸின் தந்தை இருந்த கம்பெனியின் பதிலடி இது. இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இனி ஆறாம் எக்ஸ்ப்ளோரர். ஆகஸ்ட் 2001-இல் வந்தது. அடுத்தது 2006 அக்டோபரில். நடுவில் ஐந்து ஆண்டுகள் மைக்ரோசாஃப்ட் அடுத்த பதிப்பை வெளியிடவில்லை. எக்ஸ்ப்ளோரர் குடும்பத்துக்குச் சந்தையில் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது. எதிரி இல்லாத ஊரில் எதற்கு வாள் தீட்டுவது? அதன் லீலைகளைத் தொழில் தெரிந்தவர்கள் பெயர் வைத்தே கூப்பிட்டார்கள். ஃப்ளோட் ஆன பெட்டிக்கு 10 பிக்ஸல் ஓரம் கேட்டால் 20 தரும். சரிசெய்ய 'டிஸ்ப்ளே: இன்லைன்' என்று எழுத வேண்டும். மற்ற பிரவுசர்களில் அந்த வரியால் பைசா பயன் இல்லை. 'பீக்காபூ' என்று ஒரு பூச்சி: எழுத்துகள் மறைந்து போகும், பக்கத்தை உருட்டினால் திரும்பி வரும். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, எழுத்தைக் காணோம் என்று சொல்லி, இருங்கள் இருங்கள் வந்துவிட்டது என்று வைத்துவிடுவார். நீங்கள்தான் அன்று இரவு தூங்க மாட்டீர்கள்.

அதில் ஒரு தத்துவச் சிக்கலும் இருந்தது. பக்கத்தின் மரத்தில் எச்டிஎம்எல் என்பதே வேர். அதற்கு மேலே எதுவும் கிடையாது. ஆறாம் எக்ஸ்ப்ளோரரோ வேருக்கு மேலேயும் பெயர் தெரியாத யாரோ ஒருவர் இருப்பதாக நம்பியது. எனவே 'யாருக்கோ கீழே இருக்கும் எச்டிஎம்எல்' என்று நட்சத்திரக்குறி போட்டு ஒரு விதி எழுதினால் மற்ற நாத்திக பிரவுசர்கள் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகும். இதுவோ பயபக்தியோடு கீழ்ப்படியும். அதன் பிழைகளைத் திருத்த அதன் நம்பிக்கையைத்தான் பயன்படுத்தினோம்.

எனக்குப் படியளந்த ஓர் அலுவலகத்தில், ஆறை விட முடியாது, எங்கள் கணக்கு மென்பொருள் அதில்தான் ஓடும் என்றார்கள். அந்த மென்பொருள் ஏன் அதில் மட்டும் ஓடுகிறது என்றால், எழுதியவர்கள் அதில் மட்டும் சோதித்தார்கள். உலகம் முழுக்க இதே வட்டம். 2009-இல் யூடியூப்பில் சில பொறியாளர்களுக்குப் பொறுமை போயிற்று. கூகுள் வாங்குவதற்கு முன்பிருந்த பழைய ஆட்களுக்கு, யாரையும் கேட்காமல் தளத்தில் மாற்றம் செய்யும் ஒரு பழைய உரிமை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பயன்படுத்தி, ஆறில் வருகிறவர்களுக்கு மட்டும் 'உங்கள் பிரவுசருக்கான ஆதரவு விரைவில் நிற்கும்' என்று ஒரு பட்டையைப் போட்டார்கள். விரைவில் என்றால் எப்போது? அவர்களுக்கே தெரியாது, மேலிடம் அப்படி எதுவும் முடிவு செய்யவே இல்லை. பத்திரிகைகள் பாராட்டின. பாராட்டு வந்த பிறகு, இது கம்பெனியின் தொலைநோக்கு என்று ஆகிவிட்டது. அதில் இருந்த ஒருவர் 2019-இல்தான் உண்மையைச் சொன்னார். 2010 மார்ச் 4 அன்று டென்வர் நகரில் ஒரு வடிவமைப்பு நிறுவனம் ஆறாம் எக்ஸ்ப்ளோரருக்குச் சவப்பெட்டி வைத்து இறுதிச் சடங்கே நடத்தியது. மைக்ரோசாஃப்ட் மலர் அனுப்பியது. பெட்டியை நட்டநடுவில்தான் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எல்லாரும் ஒருவழியாக 960 பிக்ஸல் அகலத்தில் செட்டிலாகி மூச்சு விட்ட நேரத்தில் கைபேசி வந்து சேர்ந்தது. அதன் அகலம் 320. ஈத்தன் மார்கோட் 2010-இல், திரையின் அகலத்தைக் கேட்டு அதற்கேற்பப் பக்கம் மாறட்டும் என்று கட்டுரை எழுதினார். பெர்னர்ஸ்-லீயின் மொட்டைப் பக்கம் எந்த அகலத்துக்கும் தானாக மடங்கிக்கொண்ட ஒன்று. விறைப்பாக்கியது நாம்தான், பிறகு வளைப்பதற்குப் பயிற்சி வகுப்பு நடத்தினோம், காசு வாங்கிக்கொண்டு.

2009-இல் ஃப்ளெக்ஸ்பாக்ஸின் முதல் வரைவு வந்தது. பக்க அமைப்புக்காகவே பிறந்த முதல் சாமான் என்று ஆனந்தக் கண்ணீர் விட்டோம். துடைப்பதற்குள் எழுதும் முறையை மாற்றினார்கள். முதலில் 'பாக்ஸ்' என்றார்கள், பிறகு 'ஃப்ளெக்ஸ்பாக்ஸ்', 2012-இல் 'ஃப்ளெக்ஸ்'. ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னால் தன் இனிஷியலையும் போட்டுக்கொண்டது. ஒரு விஷயத்தைச் சொல்ல ஐந்து வரி. இருந்தாலும் 'அலைன்-ஐட்டம்ஸ்: சென்டர்' என்று எழுதினால் பெட்டி மேலும் கீழும் நடுவுக்கு வந்தது. டேபிள் 1995-இல் செய்த அதே காரியம், இப்போது பாவம் இல்லாமல்.

முழுப் பக்கத்தையும் கட்டம் கட்டிப் பிரிக்கும் 'கிரிட்' அதற்கும் பிந்தியது. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில் அதைக் கொண்டுவந்தன. இவர்கள் மூவரும் இப்படி ஒத்துப்போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிரிட்டை முதலில் எழுதித் தன் பத்தாம் பிரவுசரில் 2012-இலேயே போட்டது யார்? மைக்ரோசாஃப்ட். குரோமிலும் சஃபாரியிலும் அதைக் கட்டுவதற்குப் பணம் கொடுத்தது பங்குச்சந்தைச் செய்திக் கம்பெனி ப்ளூம்பெர்க். திரையெல்லாம் எண்களாக நிரம்பிய ஒரு நிறுவனம். டேபிள் யாருக்காகப் பிறந்ததோ அவர்களே வந்து எங்களை டேபிளிலிருந்து விடுவித்தார்கள். பெர்ட் போஸ் இன்னும் பாவம். பக்கத்தைப் பகுதிகளாகப் பிரிக்க 1996-இலேயே லீயோடும் டேவ் ராகெட்டோடும் சேர்ந்து ஒரு வரைவு போட்டிருந்தார். 2005-இல், ஏ ஏ பி என்று எழுத்துகளால் பக்கத்தை வரைந்து காட்டும் இன்னொரு வரைவும் எழுதினார். இரண்டையும் அப்போது யாரும் கட்டவில்லை. அந்த எழுத்து வரைபடம் இன்று கிரிட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சிஎஸ்எஸ் குழுவே தங்கள் தவறுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தலைப்பிலேயே முழுமையடையாதது என்று போட்டிருக்கிறார்கள். யாராவது காலயந்திரம் கண்டுபிடித்தால் திருத்திக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். பெட்டியின் அகலத்தில் கோட்டையும் சேர்த்திருக்க வேண்டும் என்று அதில் உண்டு. விதியை வலுவாக்கப் போடும் 'இம்பார்ட்டன்ட்' சொல்லுக்கு முன்னால் இருக்கும் ஆச்சரியக்குறி, நிரல் எழுதுகிறவர்களுக்கு 'முக்கியமில்லை' என்று படும் என்பதும் உண்டு. நடுவில் வைக்கும் பண்புகள் முதல் நிலையிலேயே, அதாவது 1996-இலேயே, இருந்திருக்க வேண்டும் என்பதும் உண்டு. எந்தக் கட்சியும் எந்த அரசும் இப்படி ஒரு பட்டியல் போட்டு நான் பார்த்ததில்லை. 2024-இல், ஃப்ளெக்ஸும் கிரிட்டும் இல்லாத சாதாரணப் பெட்டிக்குள்ளேயே ஒரே வரியில் மேலும் கீழும் நடுவில் வைக்கும் வசதி எல்லா முக்கிய பிரவுசர்களிலும் வந்துவிட்டது.

இத்தோடு மங்களம் பாடலாம் என்றால் மின்னஞ்சல் விடவில்லை. அவுட்லுக் மென்பொருள் அதுவரை எக்ஸ்ப்ளோரரின் எஞ்சினை வைத்து அலங்காரக் கடிதங்களைக் காட்டிக்கொண்டிருந்தது. 2007 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அதைக் கழற்றிவிட்டு வேர்டின் எஞ்சினைப் பொருத்தியது. அதற்கு ஃப்ளோட் தெரியாது, ஃப்ளெக்ஸ் தெரியாது, கிரிட் தெரியாது, பெட்டிக்குப் பின்னணிப் படம்கூடத் தெரியாது. டேபிள் நன்றாகத் தெரியும். தீபாவளித் தள்ளுபடி என்று உங்களுக்கு வரும் வண்ணமயமான கடிதத்தின் மூலத்தைத் திறந்து பாருங்கள்: டேபிளுக்குள் டேபிள், அதற்குள் டேபிள், நடுநடுவே இடம் பிடித்துவைக்கும் காலி அறைகள். அந்தப் பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. வி-அலைன் மிடில் எழுதத் தெரிந்த பெரியவர் யாராவது வேலையில்லாமல் இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.